கருப்பட்டியில் சுகர் ஏறாது

ஜூன் 3, செவ்வாய்

திருநெல்வேலி ஆஸ்பத்திரி வாசலில் இன்று இரண்டு நோட்டு வாங்கினேன். ஒன்று, சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் சின்னப் பெண் எழுதச் சொன்னது. காலையில் எத்தனை இட்லி, எவ்வளவு தூரம் நடந்தேன், விரலில் குத்திப் பார்த்த சுகர் எவ்வளவு என்று எழுதி அவளிடம் காட்ட வேண்டும். இன்னொன்று இது. இதை ஒருத்தருக்கும் காட்ட வேண்டியதில்லை. மனுசன் இட்லியை மட்டுமே எழுதிக்கொண்டு எப்படி இருப்பான்.

விஷயம் இதுதான். என் தங்கை செந்தூர்க்கனிக்கு இரண்டு கிட்னியும் போய் மூன்று வருடம் ஆகிறது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவள் புருசன் பால்துரைக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. அப்பா அம்மா இல்லை. இருப்பது நான் ஒருத்தன். மாசியில் அவள் மகளுக்குக் காதுகுத்து நடந்தது. பிள்ளை என் மடியில் உட்கார்ந்து வீறிடுகிறது, பந்தலில் இருநூறு பேர் இருக்கிறார்கள், அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் “கனிக்கு என்னதான் வழி?” என்று கேட்டார். “நான் இருக்கேன்லா, நான் குடுக்கேன்” என்று சொல்லிவிட்டேன். நான் வைத்த சீரைவிட அந்தப் பேச்சுதான் ஊரெல்லாம் ஓடியது.

எல்லா டெஸ்டும் பொருந்திவிட்டது. சுகர் மட்டும் இடிக்கிறது. வெறும் வயிற்றில் 114. மூன்று மாதச் சராசரி 6.2. “இது வியாதி இல்ல, வியாதிக்குப் பக்கத்துல நிக்கிறீங்க,” என்றார் டாக்டரம்மா. ஒரு கிட்னியைக் கொடுத்துவிட்டுப் பிறகு எனக்குச் சுகர் வந்தால், இருக்கிற ஒன்றும் கெடுமாம். அதனால் ஆறு வாரம் தவணை. ஜூலை 15 அன்று குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-க்குக் கீழே இருந்தால் ஆபரேஷனுக்குத் தேதி. 200-ஐத் தாண்டினால் நான் லாயக்கில்லை. நடுவில் நின்றால் இன்னும் தள்ளிப்போகும்.

“சீனி, வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன், கருப்பட்டி எதுவும் வேண்டாம் சார்,” என்றாள் அந்தச் சின்னப் பெண்.

“கருப்பட்டியுமா?”

“கருப்பட்டியும்தான்.”

நான் யாரென்று சொன்னேன். உடன்குடியில் இருபத்திரண்டு வருடமாகக் கருப்பட்டி மொத்த வியாபாரம். “கருப்பட்டில சுகர் ஏறாதும்மா. சுகர்காரங்கதான் எங்கிட்ட அதிகமா வாங்குதாங்க,” என்றேன். அவள் சிரித்தாள். சின்னப் பிள்ளை சொல்லுவதைக் கேட்டுச் சிரிப்பது மாதிரி இருந்தது. “மிஷின் ஒண்ணு வாங்கிக்கோங்க சார். அதுவே சொல்லும்,” என்றாள். வரும் வழியெல்லாம் அவள்மீது எரிச்சலாக இருந்தது.

ஜூன் 5, வியாழன்

சீனியை ஒழித்தாயிற்று. டீக்கடைப் பக்கமே போகவில்லை. வீட்டில் கருப்பட்டிக் காப்பி மட்டும்.

ஜூன் 9, திங்கள்

குலசை ரோட்டில் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். எதிரில் வருகிற அத்தனை பேரும் நின்று விசாரிக்கிறார்கள். “அண்ணாச்சி, தங்கச்சிக்காகவா?” என்று கேட்டுக் கும்பிடுகிறார்கள். நான் ஏதோ சாமி மாதிரி. ஒருத்தர் காலில் விழப் பார்த்தார், திட்டி அனுப்பினேன். வெறும் வயிற்றில் 110.

ஜூன் 12, வியாழன்

கனிக்குக் கையில் டயாலிசிஸ் ஊசி போடுகிற குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் ட்யூப் இறக்கியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள்.

“மெலிஞ்சுட்டியே அண்ணே.”

“நடக்கேன்லா.”

“டாக்டர்ட்ட கேட்டியா? உனக்கு எவ்வளவு வலிக்கும்னு?”

“கேக்க என்ன இருக்கு. நாலு நாள்ல எந்திரிச்சிருவாங்களாம்.”

“பயமா இல்லியா?”

“எனக்கென்னட்டி பயம்,” என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். அரை மணி நேரம் பஸ் வரவில்லை.

ஜூன் 16, திங்கள்

121. நடந்து நடந்து குதிகால் வெடித்ததுதான் மிச்சம். வீட்டுக்காரி புஷ்பத்திடம் கத்தினேன். சோற்றைக் குறை என்றால் தட்டைக் குறைக்கிறாள், சோறு அதே உயரம்தான். அவளும் விடவில்லை.

“சோத்தச் சொல்லாதிய. காலைல ரெண்டு காப்பி, சாயந்தரம் ரெண்டு காப்பி. ஒவ்வொண்ணுலயும் கையளவு கருப்பட்டி.”

“கருப்பட்டில ஏறாது.”

“யாரு சொன்னா?”

“நான் சொல்லுதேன்.”

“நீங்க விக்கிறவிய. அப்படித்தான் சொல்லுவிய.”

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் என் தொழிலைப் பற்றி அவள் இப்படிச் சொன்னதில்லை. நிரூபித்துக் காட்டுகிறேன் என்றேன். கடைத் தராசு இருக்கிறது, மிஷின் இருக்கிறது. வேறென்ன வேண்டும்.

ஜூன் 18, புதன்

வெறும் வயிற்றில் 112. முப்பது கிராம் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். ஒரு மணி நேரம் கழித்து 176. பார், சீனி எப்பேர்ப்பட்ட விஷம் என்று புஷ்பத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஜூன் 19, வியாழன்

முப்பது கிராம் கருப்பட்டி. 111-லிருந்து 172.

சரக்கில் கோளாறு. இப்போதெல்லாம் பதநீர் காய்ச்சுகிறவர்களே சீனியைக் கலந்து ஊற்றிவிடுகிறார்கள். நாளைக்குத் தேன் பார்த்துவிட்டு, கலப்பில்லாத கருப்பட்டியில் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

மலைத்தேன் முப்பது கிராம். 113-லிருந்து 159. கொஞ்சம் மெதுவாக ஏறுகிறது, ஆனால் ஏறுகிறது. ஆஸ்பத்திரியில் கொடுக்கப்போவது குளுக்கோஸ்தானே, அது எப்படி இருக்கும் என்று சாயந்திரம் வயிறு காய்ந்திருக்கும்போது அதையும் முப்பது கிராம் குடித்துப் பார்த்தேன். அது அரை மணியிலேயே 188. வாயில் ஊற்றுவதும் ரத்தத்தில் ஊற்றுவதும் அதற்கு ஒன்றுதான் போலிருக்கிறது.

ஜூன் 21, சனி

என் கண் முன்னால் பனையிலிருந்து பதநீர் இறக்கி, என் கண் முன்னால் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டி. ஒரு பொட்டுச் சீனி கிடையாது, சத்தியம் செய்வேன். முப்பது கிராம். 110-லிருந்து 170.

மிஷினை மாற்றிப் பக்கத்து மருந்துக்கடை மிஷினில் குத்தினேன். 173.

போன் போட்டு அந்தச் சின்னப் பெண்ணிடம் கேட்டேன். “சார், கருப்பட்டில இரும்பு, மத்த சத்து கொஞ்சம் இருக்கும். ஆனா முக்கால்வாசிக்கு மேல சீனில இருக்கிற அதே சர்க்கரைதான். ரத்தத்துக்குப் போனப்புறம் அது பனையில இருந்து வந்துச்சா கரும்புல இருந்து வந்துச்சான்னு உடம்பு கேக்காது,” என்றாள். சிரிக்காமல் சொன்னாள். சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இருபத்திரண்டு வருடமாக எத்தனை சுகர்காரர்களிடம் ‘தைரியமா சாப்பிடுங்க’ என்று சொல்லியிருப்பேன். நாளையிலிருந்து ஒரு துண்டும் தொடமாட்டேன். ஜூலை 15-க்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. முடியும்.

ஜூன் 24, செவ்வாய்

காப்பியில் கருப்பட்டி இல்லை. கசப்பாகத்தான் குடித்தேன். மூட்டையும் பெட்டியும் அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் புதுச் சரக்கு இறங்கியது, ஒவ்வொரு பெட்டியிலும் கிள்ளி வாயில் போட்டுத் தரம் பார்க்க வேண்டும். அது தொழில். அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

ஜூன் 25, புதன்

பதினெட்டுப் பெட்டி. தரம் பார்த்தேன்.

ஜூன் 27, வெள்ளி

126. இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் 126. உடம்பு வாகு அப்படி, அதற்கு நான் என்ன செய்ய.

பால்துரை போன் செய்தான். கழுத்து ட்யூபில் கிருமி ஏறிக் கனிக்குக் குளிர்காய்ச்சல். டயாலிசிஸ் பாதியிலேயே உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டதாம்.

“மச்சான், ஜூலை 15 உறுதிதானே? டாக்டரு இந்த ட்யூப வச்சு ரொம்ப நாள் ஓட்ட முடியாதுங்காங்க.”

“என் கையில என்ன இருக்கு பால்துரை. சுகரு இறங்கணும்லா.”

“இறங்கிரும் மச்சான். நீங்க மனசு வச்சா இறங்கிரும்.”

போனை வைத்தேன். மனது கனத்துப்போய்ச் சாப்பிடப் பிடிக்காது என்றுதான் நினைத்தேன். பசித்தது. இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

கனியைப் பார்க்கப் போனேன். காய்ச்சல் விட்டிருந்தது, முகம் மஞ்சளாகக் கிடந்தது. வராந்தாவில் ஒரு ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக அங்குலம் அங்குலமாக நடந்தார். மனைவிக்குக் கிட்னி கொடுத்தவர். ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள். “எப்படியிருக்கு?” என்று கேட்டேன். “உயிர் போயிட்டு வருது, ஆனா சரியாயிரும்ங்காங்க,” என்று சிரித்தார். சிரிக்கும்போது வலித்து அப்படியே குனிந்துவிட்டார்.

ஊருக்கு வந்ததும் நேராகக் கிட்டங்கிக்குப் போனேன். சில்லுக்கருப்பட்டி வந்திருந்தது, சுக்கும் மிளகும் போட்டது. தரம் பார்த்தேன். நல்ல சரக்கு.

ஜூலை 4, வெள்ளி

129. பால்துரையிடம் போனில் நம்பரைச் சொன்னேன். “சரி மச்சான்,” என்று வைத்துவிட்டான்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று கடை லீவு. கிட்டங்கியில் தனியாக இருந்தேன். புஷ்பம் வாசலில் எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது.

“என்ன செய்திய?”

“தரம் பாக்கேன்.”

அவள் உள்ளே வந்து, என் முன்னால் திறந்திருந்த பெட்டியைப் பார்த்தாள். கீழே சுத்தமான தரையைப் பார்த்தாள். வாய் கொப்பளிக்கிற செம்பு மூலையில் கவிழ்ந்து கிடந்ததையும் பார்த்தாள். அவளும் கருப்பட்டி வியாபாரி மகள்.

“எங்க அய்யா நாப்பது வருசம் தரம் பாத்தாவ. நாக்குல வச்சு, துப்பி, வாயக் கொப்பளிச்சுட்டுத்தான் அடுத்த பெட்டிக்குப் போவாவ. தரம் பாக்கிற யாரும் முழுங்க மாட்டாங்க,” என்றாள். “நீங்க முழுங்குதிய.”

வீட்டுக்குப் போய் மத்தியானத்துக்கு மீன் குழம்பு வைத்தாள், எனக்குப் பரிமாறினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டியிருக்கலாம். வழக்கமாக மூச்சு விடாமல் திட்டுகிறவள்தான்.

ஜூலை 7, திங்கள்

இந்த நோட்டை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். இப்படி ஒரு புளுகனை நான் பார்த்ததில்லை. யாருக்கும் காட்டாத நோட்டிலேயே புளுகியிருக்கிறான்.

உள்ளதை எழுதுகிறேன். கருப்பட்டியில் சுகர் ஏறும் என்று ஜூன் 21-ஆம் தேதி எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு சாப்பிட்டதுதான் அதிகம். ஒரு நாளைக்கு ஏழு துண்டு, எட்டுத் துண்டு. நாக்கு கேட்டதால் அல்ல. நம்பர் ஏற வேண்டும் என்று சாப்பிட்டேன். 126 வந்த அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அதனால்தான் பசித்தது. 200-ஐத் தாண்டினால் டாக்டரே ‘ஆகாது’ என்று சொல்லிவிடுவார். நான் மாட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்காது. ஊரும் ‘பாவம், அண்ணாச்சி என்னமா நடந்தாரு, குடுத்துவைக்கல’ என்று சொல்லும்.

எனக்குப் பயம். அப்பா குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்யப் போனார். சின்ன வேலை, சாயந்திரம் காப்பி குடிக்கலாம் என்றார்கள். செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே நடந்து போனவர் நடந்து வரவில்லை. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, கனிக்குப் பதினொன்று. காதுகுத்துப் பந்தலில் வாயை விட்ட நிமிடத்திலிருந்து பயம். இத்தனை நாளில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. கனி நேருக்கு நேராகக் கேட்டும் சொல்லவில்லை.

என் பயத்துக்காக நான் அவள் நாட்களைத் தின்றிருக்கிறேன். வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

தரம் பார்க்கிற வேலையைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். கிட்டங்கிச் சாவி புஷ்பத்திடம். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். “ராத்திரிக்குக் கேப்பைத் தோசை,” என்றாள். மூன்று நாளில் அவள் பேசியது அவ்வளவுதான்.

ஜூலை 10, வியாழன்

122. தலைவலி. காரணமில்லாமல் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

115. இறங்குகிறது. ஆனால் நாள் இல்லை. இன்னும் இரண்டே நாள். தின்ற இரண்டு வாரத்தைத் திருப்பிக் கொடு என்று யாரிடம் கேட்பேன்.

கனிக்கு மறுபடியும் காய்ச்சல்.

ஜூலை 15, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸ். ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். தொண்டையில் இறங்காமல் குமட்டியது. பத்து மணிக்கு மறுபடி ரத்தம். புஷ்பம் பக்கத்தில் உட்கார்ந்து பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

ரிசல்ட் வருவதற்கு முன்னால் டாக்டரம்மா என்னை மட்டும் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“சுயம்புலிங்கம், ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு இதுல முழுச் சம்மதம் இல்லைன்னா இப்ப சொல்லலாம். காரணத்தை யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். மெடிக்கலா ஒத்துவரலைன்னு மட்டும் சொல்லுவோம். உங்க வீட்டுக்கும் அவ்வளவுதான் தெரியும்.”

இரண்டு வாரம் நான் தின்று தின்று தேடியதை அவர் மேசை மேல் எடுத்து வைத்தார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

“எல்லாத்துக்கிட்டயும் இப்படிக் கேப்பியளா?”

“எல்லார்கிட்டயும் ஒரு தடவை கேப்போம். உங்ககிட்ட முதல்லயே கேட்டாச்சு, நீங்க சரின்னீங்க. இன்னைக்கு மறுபடி கேக்கச் சொன்னது உங்க தங்கச்சி. அவங்கதான் கேக்கச் சொன்னாங்கன்னு உங்ககிட்ட சொல்லலாம்னும் சொன்னாங்க. ‘எங்க அண்ணன் பயப்படுதான். அவனா சொல்ல மாட்டான். நீங்க அவனுக்கு ஒரு வழி விடுங்க’ன்னாங்க.”

அழுதுவிட்டேன். நாற்பத்தேழு வயதில் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்து மூக்கு ஒழுக அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், கருப்பட்டி, கிட்டங்கி, 126, அப்பா. “பயமாத்தான் இருக்கு டாக்டர். ஆனா குடுக்கணும். குடுக்கேன்,” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நர்ஸிடம் ரிசல்ட்டை வாங்கினார்.

157.

“நிராகரிக்கல. ஆனா இன்னைக்குத் தேதி குடுக்க முடியாது. நாலு வாரம். இந்தத் தடவை நிஜமா இருங்க. மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கவும் எழுதித் தரேன். உங்க பயத்தை அவர்ட்ட சொல்லுங்க.”

வார்டுக்குப் போனேன். பால்துரையையும் புஷ்பத்தையும் வெளியே நிற்கச் சொன்னேன். கனியிடம் நம்பரைச் சொன்னேன். “பரவால்லண்ணே, உடம்பு வாகு,” என்றாள். நான் எழுதி வைத்த அதே பொய்யை எனக்காக அவள் சொன்னாள்.

“சுகரு தானா ஏறல கனி. நான் ஏத்துனேன். தெரிஞ்சே தின்னேன்.”

அவள் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

“எத்தன நாளு?”

“ரெண்டு வாரம்.”

“ரெண்டு வாரத்துல ஆறு தடவ என்னைய மிஷின்ல போட்டாங்க. காய்ச்சல்ல நாக்கக் கடிச்சிட்டேன். பால்துரை அழுதாரு. உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“நீ வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். வேற வழி பாத்திருப்போம். பயமா இருக்குன்னாவது சொல்லியிருக்கலாம்லா. எனக்கும்தான் பயமா இருக்கு. ரெண்டு பேரும் சேந்து பயந்திருக்கலாம்.”

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பப் பார்த்தாள், ட்யூப் திருப்ப விடவில்லை. என்னைப் பார்த்தபடியேதான் அழ வேண்டியிருந்தது. போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நான் இருந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

111. இப்போது தினமும் காலையில் கனிக்குப் போன் செய்து நம்பரைச் சொல்கிறேன். “ம்,” என்பாள். வைத்துவிடுவாள்.

ஜூலை 30, புதன்

104. ஒரு வாடிக்கையாளர், சுகர்காரர், வழக்கம்போல ஐந்து கிலோ கேட்டார். இதில் சீனிக்கு ஏறுகிற அளவு ஏறும், உங்களுக்கு வேண்டாம் என்றேன். “ஒங்களுக்கு என்ன வந்துது அண்ணாச்சி,” என்று கோபித்துக்கொண்டு எதிர்க்கடையில் வாங்கினார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

98. கனியிடம் சொன்னேன். “ம்” சொல்லிவிட்டு வைக்காமல் இருந்தாள். “ராத்திரி தூங்குதியா அண்ணே?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “நானும் இல்ல,” என்றாள். பிறகு இருவரும் அரை மணி நேரம் பேசினோம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இரண்டு மணி நேர ரத்தம் 131.

சம்மதப் படிவத்தில் எட்டு இடத்தில் கையெழுத்து. கனியை வீல்சேரில் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவது கையெழுத்திலேயே கை நடுங்கிப் பேனா காகிதத்தை விட்டு வெளியே ஓடியது. ஆபீஸில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

“எனக்குப் பயமா இருக்கு கனி,” என்றேன்.

அவள் கையை நீட்டி, நடுங்குகிற என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மிச்சம் ஐந்து இடத்திலும் அப்படியே கையெழுத்துப் போட்டேன்.